செவந்தியின் முகத்தில் முளைத்தது

அந்தக் காலத்தில் மனுஷனுக்கும் மானுக்கும் ஒரே பேச்சுதான். ஆடு பேசும், சேவல் பேசும், காட்டுப் பன்றிகூட வாய் நிறையப் பேசும். ஒன்று சொன்னால் மற்றது புரிந்துகொள்ளும். இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் அவ்வளவு இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காட்டில் பிறந்த எல்லா உயிருக்கும் காட்டாத்தாதான் தாய். ஒரு குட்டி பருவத்துக்கு வந்துவிட்டால் போதும், அதற்கென்று ஒரு சீர் அனுப்பிவிடுவாள். சேவலுக்குக் கொண்டை, மயிலுக்குத் தோகை, பன்றிக்குக் கோரைப்பல், மானுக்குக் கொம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சீர். ஆனால் நம் வீட்டுச் சீர்போல அது தட்டில் வைத்து மேளதாளத்தோடு வராது. உடம்பிலேயே முளைத்துத்தான் வரும். முதலில் சிவப்பாக ஒரு மொட்டுக் கிளம்பும். அரிக்கும், வலிக்கும், சில சமயம் நீர் வடியும். பார்க்கச் சகிக்காது.

அதனால் காட்டாத்தா கட்டுப்பாடு வைத்திருந்தாள். முளைவிடுகிறவன் அதில் கை வைக்கக் கூடாது. சுற்றியிருக்கிறவர்கள் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. மிருகங்கள் இதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டன. தலையில் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, ஈ மொய்க்கத் திரிகிற மான்குட்டியைப் பார்த்து எந்த மானும், "என்னப்பா இது, தலை இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டதில்லை. பக்கத்தில் நின்று புல் மேய்ந்துவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

மனுஷனுக்கு மட்டும் சீர் வந்து சேரவில்லை. "எங்களுக்கு எப்போம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "வரும். உங்களுக்குன்னு தனியா யோசிச்சுத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்பாள் காட்டாத்தா. கேட்டுக் கேட்டு அலுத்து, ஜனங்கள் அந்தச் சீரையே மறந்துபோனார்கள். சீர் வராததால் அவர்கள் முகம் பிறந்ததிலிருந்து கடைசிவரை உரித்த நுங்குபோல வழவழவென்று இருந்தது. ஒரு மேடு, ஒரு புள்ளி கிடையாது.

உடைமரமும் இண்டஞ்செடியும் மண்டிக்கிடந்த முள்ளுக்காட்டின் ஓரத்தில் ஆடு மேய்க்கிறவர்களின் ஊர் ஒன்று இருந்தது. அங்கே தொழுவத்துக்கு வேலி முள், அடுப்புக்கு விறகு முள், ஆட்டுக்குத் தழையும் முள் மரத்தில்தான். முள் ஏறாத கால் அந்த ஊரில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் முள் எடுக்கிறவளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று பாருங்கள். அவள் பெயர் மாடத்தி.

மாடத்தி கை வைத்தால் வலி தெரியாது என்பார்கள். சங்கஞ்செடியின் முள்ளை நெருப்பில் வாட்டி, கல்லில் தீட்டி வைத்திருப்பாள். வீங்கின இடத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பாள். ஏதோ பேச்சுக் கொடுப்பாள். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் முள் வெளியே வந்திருக்கும். மனுஷர் மட்டுமில்லை, குளம்பில் குத்திக்கொண்ட மான்களும் வரிசையில் நின்று காலை நீட்டும்.

அவளுக்கு இந்த வேலையில் ஒரு வெறி உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. அவளுடைய அப்பா உள்ளங்காலில் ஏறின முள்ளை, "அதுவா போயிரும், விடு" என்று சொல்லி விட்டுவிட்டார். அது சீழ் கோத்து, கால் வீங்கி, காய்ச்சலில் தூக்கிப்போட்டு, அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆளையே கொண்டுபோய்விட்டது. அம்மா அதற்கு முன்பே இல்லை. கைப்பிள்ளையாக இருந்த தங்கச்சி செவந்தியை மாடத்திதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அன்றிலிருந்து யாராவது "அதுவா போயிரும்" என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பில் ஒன்று புடைத்தால் உள்ளே முள் இருக்கிறது, முள் இருந்தால் எடுத்தாக வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அதுதான். அந்த ஊருக்குத் தெரிந்ததும் அதுதான்.

செவந்தி வளர்ந்தாள். நல்ல குரல் அவளுக்கு. தொழுவத்து வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், எந்தப் புதருக்குள் இருந்தாலும் ஆடுகள் தலையைத் தூக்கிவிடும். முதல் மழை விழுந்ததும் ஊர்ப் பெண்கள் கூடி அடிக்கிற கும்மியில் இந்த வருஷம் அவள்தான் முன்பாட்டுப் பாட வேண்டும் என்று ஊரே பேசி முடித்திருந்தது. அவளும் ஆடு மேய்க்கிற இடத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் பாடிக்காட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் நெற்றியில் சிவப்பாக ஒன்று கிளம்பியது. பின்னால் கன்னத்தில், தாடையில், மூக்கோரத்தில் என்று ஒவ்வொன்றாக வந்தன. மனுஷ முகத்தில் இப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்றால் சும்மா இருக்கலாமே. அதுதான் நம் ஆட்களுக்கு ஆகாதே. அடுத்த வீட்டு ஒச்சாயிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"ஏட்டி செவந்தி, மூஞ்சி என்னட்டி கடுகு தாளிச்ச மாதிரி கெடக்கு? கண்டதயும் தின்னியா?"

"ஒண்ணும் திங்கலியே அத்தை."

"பின்ன எப்படி வரும்? மூஞ்சியக் கழுவுதியா, அதுவும் இல்லியா?"

ஒச்சாயி கெட்டவள் இல்லை. வாய்தான் நீளம். ஆனால் அவள் ஒருத்தி கேட்டதும் ஊருக்கே வாய் வந்துவிட்டது. ஒருத்தி வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னாள். இன்னொருத்தி அதைக் கழுவிவிட்டு மஞ்சள் பூசச் சொன்னாள். சூட்டு உடம்பு என்றார் ஒருவர். கெட்ட சொப்பனம் கண்டிருப்பாள் என்றார் இன்னொருவர். நடந்து போகும்போதே நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தவர்களும் உண்டு. எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையில் செவந்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனாள்.

அவள் முதலில் ஊருணிக்குப் போவதை நிறுத்தினாள். அங்கே ஆட்கள் இருப்பார்கள், அதைவிட அங்கே தண்ணீர் இருந்தது, தண்ணீரில் முகம் தெரிந்தது. அப்புறம் தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள், ஆனால் குரல் கொடுக்க மாட்டாள். குரல் கொடுத்தால் ஆட்களும் திரும்பிப் பார்ப்பார்களே. சாயங்காலம் ஆடுகள் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தும். மாடத்திதான் ஓடி ஓடி அடைப்பாள்.

"ஏட்டி, என்னதான்ட்டி ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள் மாடத்தி.

"யக்கா, எங்கிட்டப் பேசுதவங்க யாரும் என் கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்காவ. நெத்தியப் பாத்துப் பேசுதாவ."

மாடத்திக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அப்போது அவளும் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் எடுக்கிறவளின் விரல் அல்லவா, அமுக்கிப் பார் அமுக்கிப் பார் என்று அது துடித்துக்கொண்டிருந்தது. அவள் மடியிலிருந்து முள்ளை எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஓர் இளம் கலைமான் வந்து நின்றது. குட்டியாக இருந்தபோது இதே மாடத்தியிடம் குளம்பை நீட்டி அழுத மான்தான். இப்போது அதன் தலையில் இரண்டு கொம்புகள் பாதி வளர்ந்து, மேலே மெல்லிய தோல் மூடி நின்றன.

"யக்கா, அதுல கை வைக்காத" என்றது மான். "அது முள்ளு இல்ல. முளை."

"என்ன முளை?"

"சீரு வருது. ஒங்க ஆளுகளுக்குக் காட்டாத்தா அனுப்பிட்டா. ஒன் தங்கச்சிக்குத்தான் மொதல்ல வந்திருக்கு. என் தலையப் பாரு, போன கோடையில இதவிடக் கேவலமா கெடந்துச்சு. ஈ விரட்டியே வாலு ஓஞ்சுபோச்சு."

செவந்தி முடியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான். "என்னவா வரும்?" என்று கேட்டாள்.

"அது யாருக்குத் தெரியும்? நான் எனக்கு இன்னும் ரெண்டு காது வருதுன்னுல்லா நெனச்சேன்."

செவந்தி சிரித்துவிட்டாள். மாடத்திக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கண் கலங்கியது. முள்ளை மடியில் திருப்பிச் செருகிக்கொண்டாள்.

"எவ்வளவு காலத்துக்கு இப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"அதுவா முடியும், யக்கா. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். தொடாம இருக்கணும். ஊரையும் கொஞ்சம் வாய மூடச் சொல்லு. எங்க கூட்டத்துல யாரும் ஒத்த வார்த்த கேக்கல, அதான் என்னால பொறுக்க முடிஞ்சுது."

மான் போய்விட்டது. அதுவா முடியும் என்ற வார்த்தை மட்டும் மாடத்தியின் நெஞ்சில் நின்றுவிட்டது. வேறு எந்த மாதிரிச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். அந்த வார்த்தையை நம்பித்தான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

என்றாலும் மாடத்தி பொறுத்தாள். அவள் பொறுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒச்சாயியிடம் போய், "அத்தை, பிள்ளை மூஞ்சியப் பத்தி இனிமே பேசாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். ஒச்சாயி சரி என்றாள். ஆனால் மறுநாள் செவந்தியைப் பார்த்ததும், "நான் ஒன்னப் பத்தி எதுவும் பேசக் கூடாதாம், ஒங்க அக்கா சொல்லிட்டா, நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவந்தி மறுபடியும் முடியை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டாள்.

மழை வந்தது. மண் வாசம் கிளம்பியது. ஊர்ப் பெண்கள் பொட்டலைப் பெருக்கிச் சாணம் தெளித்தார்கள். கும்மிக்கான நாள் விடிந்தபோது செவந்தி வீட்டு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல."

"பாட்டு ஒனக்குத்தான்ட்டி தந்திருக்காவ."

"என் பாட்ட எவ கேப்பா? எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாவ. யக்கா, ஒண்ணு கேக்கேன். ஊருல யாருக்கு எங்க வீங்குனாலும் நீ எடுத்துவிடுத. ஆட்டுக்கு எடுக்க, மானுக்கு எடுக்க. எனக்கு மட்டும் ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்க? நான் இப்படியே இருந்து செத்தாலும் ஒனக்குச் சரிதானா?"

செத்தாலும் என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது. மாடத்தியிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. மாடத்தி எழுந்தாள். நெருப்பில் முள்ளை வாட்டினாள். வாசல் வெளிச்சத்தில் தங்கச்சியை உட்காரவைத்து, தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். நெற்றியில் இருந்த பெரிய முளையை இரண்டு விரலால் அமுக்கி, வழக்கம்போல ஏதோ பேச்சுக் கொடுத்தாள். செவந்தி பதில் சொல்லி முடிப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

வந்தது முள் இல்லை.

பாசிப்பயறு முளைகட்டினால் ஒரு வால் நீட்டுமே, அந்த அளவு ஒன்று மாடத்தியின் உள்ளங்கையில் கிடந்தது. அதற்கு ஒரு நிறம் இருந்தது. மாடத்தி காடு மேடெல்லாம் அலைந்தவள், மயில் கழுத்தையும் பார்த்திருக்கிறாள், மாலை வானத்தையும் பார்த்திருக்கிறாள். அந்த நிறத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. அது மெல்ல அசைந்து, பற்றிக்கொள்ள எதையோ தேடுவதுபோல அவள் விரலை நோக்கி வளைந்தது. அப்புறம் அசைவு நின்றது. நிறம் போய், உமியைப் போல வெளுத்துக் காய்ந்து, வாசல் காற்றில் கையைவிட்டுப் பறந்துபோனது.

"முள்ளு வந்துச்சாக்கா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டாள் செவந்தி.

இந்த இடத்தில் மாடத்தி உண்மையைச் சொல்லியிருந்தால், இன்று நம் கதையே வேறாக இருந்திருக்கும். கன்னத்திலும் தாடையிலும் மிச்சம் இருந்தனவே, அவை பிழைத்திருக்கும். ஆனால் எப்படிச் சொல்வது? "ஒனக்கு வந்த சீரை நான் கொன்னுட்டேன்ட்டி" என்று தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த அக்காவுக்கு நா எழும்? அவளுக்கு எழவில்லை.

"வந்துச்சு" என்றாள்.

"மத்ததையும் எடு."

"கை நடுங்குதுட்டி. அப்புறம் பாப்போம்." அவள் எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள். குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, சத்தம் வராமல் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது செவந்தி மிச்சத்தைத் தன் நகத்தாலேயே முடித்திருந்தாள். முள்தானே, அக்காவுக்குக் கை நடுங்கினால் என்ன, நாமே எடுத்துக்கொள்வோம் என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்தோடு நிமிர்ந்து, "போயிருச்சாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். மாடத்தி ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாள்.

அன்று கும்மியில் வேறொருத்தி பாடினாள். செவந்தியின் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தது. வீக்கம் வடிந்த பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னக் குழி நின்றது.

அந்த மழைக்காலத்திலேயே ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கும் முளைவிடத் தொடங்கியது. காட்டாத்தா ஒருத்திக்கு மட்டுமா அனுப்புவாள்? வீட்டுக்கு வீடு, ஆண் பெண் என்று இல்லாமல் பருவத்துக்கு வந்த அத்தனை பேர் முகத்திலும் வந்தது. ஒச்சாயியின் மகனுக்கு முதுகு வரைக்கும் வந்தது. அப்போதாவது, இது எல்லோருக்கும் வருவதுதான் என்று ஊர் நிம்மதி அடைந்திருக்க வேண்டுமா இல்லையா? அடையவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும்தான் வந்துவிட்டது என்று முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது.

மாடத்தி ஓடினாள். வீடு வீடாகப் போய், "தொடாதீங்க, அது முள்ளு இல்ல, சீரு, கை வைக்காதீங்க" என்று கத்தினாள். மடியில் இருந்த முள்ளை எல்லோர் முன்னாலும் ஒடித்துப் போட்டாள்.

"ஒன் தங்கச்சிக்கு மட்டும் எடுத்துவிட்ட. எங்க பிள்ளைக மட்டும் இப்படியே திரியணுமாக்கும்?" என்று கேட்டாள் ஒச்சாயி. மாடத்தி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். பிள்ளைகள் அவள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அவள் தெருமுனை திரும்பியதும் அவர்கள் கை தானாக முகத்துக்குப் போனது.

கொம்பு முழுதாக வளர்ந்து, தோல் உரிந்து பளபளவென்று நிற்க, அந்தக் கலைமான் ஒரு காலையில் வேலியோரம் வந்தது. செவந்திக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிற ஆவல் அதற்கு. அவள் முகத்தைப் பார்த்தது. மாடத்தியைப் பார்த்தது. மாடத்தி தன் வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காட்டாத்தா சீரத் திருப்பி எடுத்துக்கிடுவாளா?" என்று கேட்டாள்.

"குடுத்தத திருப்பி வாங்குத பழக்கம் அவளுக்கு இல்ல. ஒங்க பிள்ளைகளுக்கும், அதுகளோட பிள்ளைகளுக்கும் அந்தந்த வயசுல அனுப்பிக்கிட்டேதான் இருப்பா. ஆனா ஊருல ஒரு முளைகூட முழுசா நிக்கலியே, யக்கா. வளந்து முடிஞ்ச ஒண்ண வச்சுத்தான் அடுத்தது எப்படி வளரணும்னு அதுக்குத் தெரியும். இனிமே வரும், என்னவா ஆகணும்னு தெரியாம கொஞ்ச நாளு நின்னு பாக்கும், அப்படியே அடங்கிப் போயிரும்."

சொல்லிவிட்டு மான் காட்டுக்குள் திரும்பிப் போனது.

காலம் போயிற்று. செவந்தியின் முகம் ஆறிவிட்டது, குழிகள் மட்டும் இருந்தன. அவள் ஆடு மேய்த்தாள், கல்யாணம் கட்டிக்கொண்டாள், பிள்ளை பெற்றாள். நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் ஆட்கள் இருக்கிற இடத்தில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் தொழுவத்தில் தழை கட்டிக்கொண்டிருந்தபோது மாடத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கையில் வந்தது என்ன, அது எப்படி அசைந்தது, எப்படிக் காய்ந்தது, தான் ஏன் பொய் சொன்னாள் என்று எதையும் மறைக்கவில்லை. செவந்தி கேட்டுக்கொண்டே தழையைக் கட்டினாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாடத்திக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"யக்கா, விட்டிருந்தா அது அழகா இருந்திருக்குமா?" என்று கேட்டாள் செவந்தி.

"இருந்திருக்கும்ட்டி" என்றாள் மாடத்தி.

அன்று தொடங்கியதுதான் இது. பருவம் வந்த பிள்ளைகளில் அநேகமாக யாரையும் விடாமல் முகத்தில் பரு வருகிறது. என்னவாக ஆவது என்று தெரியாமல் நின்று பார்த்துவிட்டு அடங்கிப்போகிறது. உலகத்துக்கே வருவதை ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும் வந்ததாக நினைத்து, கண்ணாடி முன்னால் தனியாக நின்று அழுகிறது. வீட்டில் யாராவது ஒருத்தர், "அதில் கை வைக்காதே" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரல் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.